குவாங்சோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள்: மெட்ரோவா, பேருந்தா, டாக்சியா?

குவாங்டாங் மாகாணத்தின் தலைநகரான குவாங்சோவுக்கு முதன்முறை செல்வோர் விமானச் சீட்டின் விலையையும் விடுதி வாடகையையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதை மட்டும் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ அப்படி விட்டாலும் பெரிய இழப்பில்லை. மொழி தெரியும், கைபேசியில் உள்ள வரைபடம் வேலை செய்யும், எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குவாங்சோவில் இந்த மூன்றுமே நிச்சயமில்லை. நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் பாய்யுன் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பன்னாட்டுப் பயணத்தின் அசதியோடு நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறான முடிவாகவே அமைகிறது. ஆகவே அந்த முடிவை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வதற்கு உதவியாக, அங்கிருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை முதல் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. மெட்ரோவுக்கு ஏழெட்டு யுவான், டாக்சிக்கு நூற்றுச் சொச்சம் யுவான் என்று கேட்டவுடன் மெட்ரோதான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஒரு யுவான் ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று கணக்கிட்டால் அந்தத் தோற்றம் இன்னும் வலுப்படும். உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: நீங்கள் எத்தனை மணிக்குக் கட்டடத்தை விட்டு வெளியே வருவீர்கள், கையில் எத்தனை பெட்டிகள் இருக்கும், முதலில் சேரவேண்டிய இடம் நகரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வழி தானாகவே தெளிந்துவிடும். கட்டணம் அதன் பிறகுதான் வரும்.

இடத்தைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. பாய்யுன் என்றால் வெண்மேகம். நகரின் வடபுறத்தில் நிற்கும் மலையின் பெயரும் அதுவே. 1932 முதல் நகருக்குள்ளேயே இயங்கிவந்த பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு, 2004 ஆகஸ்ட் 5 அன்று இப்போதைய நிலையத்தைத் திறந்தார்கள். விமானச் சீட்டுகளில் காணப்படும் சி.ஏ.என். என்ற மூன்றெழுத்துக் குறி, கேன்டன் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. இரண்டாம் முனையம் 2018 ஏப்ரல் 26 அன்றும், மூன்றாம் முனையம் 2025 அக்டோபர் 30 அன்றும் திறக்கப்பட்டன. சைனா சதர்ன் நிறுவனத்தின் தலைமை நிலையம் இது. அதன் விமானங்கள் இரண்டாம் முனையத்தில் இயங்குகின்றன. மற்ற நிறுவனங்களில் செல்வோர் சீட்டில் அச்சிட்டிருக்கும் முனைய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வழித்தட மெட்ரோவுக்கு விமான நிலையத்தில் தெற்கு, வடக்கு என்று இரண்டே நிலையங்கள் உள்ளன: தெற்கு நிலையம் முதல் முனையத்துக்கும், வடக்கு நிலையம் இரண்டாம் முனையத்துக்கும் உரியவை. மூன்றாம் முனையம் அவற்றிலிருந்து விலகி இருப்பதால், அங்கே இறங்குவோர் முனையங்களுக்கிடையே ஓடும் இலவசப் பேருந்தைப் பிடித்த பிறகே இந்த மெட்ரோவை அடைய முடியும். அதற்கான நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்ற கேள்வியைத்தான் பலரும் தவறாகக் கணக்கிடுகிறார்கள். விமானம் தரையைத் தொடும் நேரம் வேறு, நீங்கள் வெளியே வரும் நேரம் வேறு. 14 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட வெளிநாட்டவர் அனைவரும் விரல்ரேகை பதிய வேண்டும்; அதன் பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிகள் வரும் இடம், சுங்கச் சோதனை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பன்னாட்டு விமானங்கள் இறங்கிவிட்டால் இவையனைத்தும் முடிய ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். 2025 நவம்பர் 20 முதல் வருகைப் படிவத்தை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பிவிடலாம் என்று சீனக் குடிநுழைவுத் துறை வசதி செய்திருக்கிறது. புறப்படும் முன்பே அதை நிரப்பிவிட்டால் அங்கே மேசை தேடிப் பேனா தேடி நிற்கும் நேரம் மிச்சமாகும். இரவு 9.30 மணிக்கு இறங்குபவர் 11 மணியளவில் வெளியே வரக்கூடும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அந்த வேளையில்தான் மெட்ரோவின் கடைசி வண்டிகளும் புறப்பட்டுக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் ஆகிய ஊர்களுள் ஒன்றில் விமானம் மாறிச் செல்கிறார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த நேரடி விமானச் சேவை மீண்டபோது முதலில் தொடங்கியது கொல்கத்தா – குவாங்சோ வழிதான். 2025 அக்டோபர் 26 அன்று இரவு இண்டிகோ விமானம் கொல்கத்தாவிலிருந்து கிளம்பியது. அடுத்த மாதமே தில்லியிலிருந்தும் சேவை வந்தது. கொல்கத்தா விமானம் இரவு 10 மணியளவில் புறப்பட்டு அதிகாலை நான்கு மணியளவில் குவாங்சோவில் இறங்கும்படி அமைந்தது. இது ஒரு தனிச் சிக்கல். அதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். மலேசியத் தமிழர்களுக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதால் திடீரென்று முடிவெடுத்துக் கிளம்புவோர் அவர்களில் அதிகம்; ஆகவே இந்தக் கணக்கு அவர்களுக்கு இன்னும் அவசியம்.

இப்போது மெட்ரோவைப் பார்ப்போம். பகல் வேளையில், ஒரு பெட்டியும் ஒரு தோள்பையும் மட்டும் உடைய ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கட்டணக் கணக்கு எளிது: முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், அடுத்து 12 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு 4 கிலோமீட்டருக்கும் 1 யுவான், 24 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு 6 கிலோமீட்டருக்கும் 1 யுவான், அதற்கு மேல் ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் 1 யுவான். எனவே நகர மையத்துக்கு ஏழெட்டு யுவானைத் தாண்டாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்வரை ஓடக்கூடிய வண்டிகள் என்பதால், தியான்ஹெ பகுதியின் நடுவிலிருக்கும் தியூ சீலூ நிலையத்துக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் சென்றுவிடலாம். சாலை நெரிசல் மிகுந்த மாலையில் டாக்சியால் இந்த நேரத்தை உறுதியாகத் தர முடியாது.

ஆனால் மூன்றாம் வழித்தடத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனாவிலேயே மிகுந்த நெரிசலுள்ள தடங்களில் இதுவும் ஒன்று. 2005 இறுதியில் திறந்தபோது இதில் மூன்று பெட்டி வண்டிகள்தான் ஓடின. ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த 2010-ஆம் ஆண்டில்தான் ஆறு பெட்டிகளாக நீண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்றுதான் விமான நிலையம் வரை தடமும் நீண்டது. நகரின் வடகோடியையும் தென்கோடியையும் விரைவாக இணைக்கும் ஊடுதடமாக நினைத்துக் கட்டியதன் இருபுறமும் குடியிருப்புகள் பெருகி, அலுவலகங்கள் தியான்ஹெயில் குவிந்தபோது, அகலம் குறைந்த பெட்டிகளும் அவற்றின் எண்ணிக்கையும் போதாமல் போய்விட்டன. தியூ சீலூ என்பதன் சுருக்கமான தியூசீ என்ற பெயரைச் சற்றே திரித்து, நரகத்தைக் குறிக்கும் தீயூ என்ற சொல்லால் அந்த ஊர் மக்களே அந்நிலையத்தை அழைக்கிறார்கள் என்றால் அங்கே காலை எட்டரை மணிக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விமான நிலையத்தில் ஏறுபவருக்கு இருக்கை கிடைத்துவிடும், பிரச்சினை இறங்கும்போதுதான். இரண்டு பெரிய பெட்டிகளுடன் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும், விமான நிலையக் கிளை அங்கேயே முடிவதால் நடைமேடை மாறி அடுத்த வண்டியில் ஏறுவதும், வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துவருபவருக்கு நான் பரிந்துரைக்கக்கூடிய செயலல்ல.

மெட்ரோவைக் கைவிடாமலே தியூ சீலூவைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, நடுவிலேயே ஜியாஹெ வாங்காங் நிலையத்தில் இறங்கி இரண்டாம் வழித்தடத்துக்கு மாறுவது. இரண்டாம் வழித்தடம் அந்த நிலையத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆதலால் நிற்கும் வண்டியில் நிதானமாக ஏறிப் பெட்டியை ஓரமாக வைத்து உட்கார முடியும். தோல்பொருள் சந்தைகள் நிறைந்த சான்யுவான்லி, ஆடை மொத்தக் கடைகள் சூழ்ந்த குவாங்சோ பழைய ரயில் நிலையம், ஆற்றங்கரையிலிருக்கும் ஹைசூ சதுக்கம், கடைசியில் அதிவேக ரயில்கள் புறப்படும் குவாங்சோ தெற்கு ரயில் நிலையம் என்று வணிகர்களுக்குத் தேவையான இடங்கள் பலவும் இந்த ஒரே தடத்தில் அமைந்துள்ளன. கொள்முதலுக்குச் செல்வோர் விடுதியை இத்தடத்தின் அருகே எடுத்துவிட்டால் முதல் நாள் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இரண்டாம் வழி புதியது. 2024 டிசம்பர் 28 அன்று திறக்கப்பட்ட பதினொன்றாம் வழித்தடம், நகரைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. மூன்றாம் வழித்தடத்தில் வந்து குவாங்சோ கிழக்கு ரயில் நிலையத்தில் இறங்கி இந்த வளையத் தடத்தில் ஏறினால், ஒரே மாற்றத்தில் பாசோவை அடையலாம். பெரும் வணிகக் கண்காட்சியான கேன்டன் கண்காட்சி நடக்கும் இடம் பாசோ என்பதைக் கொள்முதலாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1957 முதல் நடந்துவரும் அக்கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்தில் ஏப்ரல் 15 தொடங்கியும் இலையுதிர்காலத்தில் அக்டோபர் 15 தொடங்கியும், ஒவ்வொன்றும் ஐந்து நாள் கொண்ட மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முன்பெல்லாம் தியூ சீலூவில் ஒருமுறையும் கெசுனில் மறுமுறையும் மாறி, எட்டாம் வழித்தடத்தில் சென்று இறங்கினார்கள். பழைய வழிகாட்டிக் குறிப்புகளில் இன்றும் அந்த வழிதான் எழுதப்பட்டிருக்கிறது. கண்காட்சி நாட்களில் கெசுன் நடைமேடையில் பெட்டியுடன் நிற்பதைவிட வளையத் தடம் எவ்வளவோ மேல்.

நுழைவாயிலில் எல்லாப் பைகளையும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும். சீட்டு வட்டமான பிளாஸ்டிக் வில்லையாக இருக்கும். உள்ளே நுழையும்போது தொட்டுவிட்டு, வெளியேறும்போது துளைக்குள் போட்டுவிட வேண்டும். பணம் செலுத்த உதவும் சீனச் செயலியான அலிபேயில் குவாங்சோவுக்கான பயணக் குறியீட்டை எடுத்து வைத்துக்கொண்டால் வில்லை வாங்கவே தேவையில்லை.

விமான நிலையப் பேருந்து, நம்மவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத வழி. எனக்கோ அதன்மேல் தனி மதிப்பு உண்டு. பெட்டிகளை அடியிலிருக்கும் அறையில் ஏற்றிவிட்டு, இருக்கையில் அமர்ந்து, படியேறாமல், நடைமேடை மாறாமல் செல்லலாம். நகரின் பெரிய விடுதிகள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தடங்கள் உண்டு. கட்டணம் மெட்ரோவைவிட அதிகம், டாக்சியைவிட மிகக் குறைவு. பெற்றோருடனும் குழந்தைகளுடனும் வருவோர், தாங்கள் தங்கும் விடுதியின் பக்கத்தில் நிறுத்தம் இருக்கிறதா என்பதை முன்பே பார்த்துவிட்டால், இதைவிடச் சுகமான வழி இல்லை. நிறுத்தம் தொலைவில் இருந்தால் மட்டும் பயனில்லை. பேருந்திலிருந்து இறங்கி மறுபடி ஒரு டாக்சி பிடிப்பதற்கு, முதலிலேயே டாக்சியில் போயிருக்கலாம்.

குவாங்சோவில் தங்காமல் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நேரே செல்பவர்களுக்குப் பேருந்துதான் முதல் தேர்வு என்பேன். மரச்சாமான் வாங்க போஷானுக்கும், ஆலைகளைப் பார்க்க தோங்குவானுக்கும், விளக்குகள் வாங்க சோங்ஷானுக்கும் செல்வோர், நகருக்குள் வந்து மறுபடி வெளியேறுவது வீண் அலைச்சல். விமான நிலையத்திலிருந்தே அந்த ஊர்களுக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன. ஷென்சென் செல்பவர்களுக்கு மட்டும் இது சற்று ஐயத்துக்குரியது. நேரடிப் பேருந்தும் உண்டு; ஆனால் நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டால் பொழுது போய்விடும். பகலில் வருகிறவர், கைச்சுமை குறைவானால், ஜியாஹெ வாங்காங்கில் மாறி இரண்டாம் வழித்தடத்தில் தெற்கு ரயில் நிலையம் சென்று அதிவேக ரயிலைப் பிடிக்கலாம். ரயிலேறிய பிறகு ஷென்சென் வடக்கு நிலையம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். விமான நிலையத்துக்கே வந்து செல்லும் நகரிடை ரயிலும் இருக்கிறது. ஹுவாதூ, சிங்யுவான் போன்ற வடபகுதி ஊர்களுக்குச் செல்வோருக்கு அது நல்ல வழி, மற்றவர்கள் அதைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

டாக்சியைப் பொறுத்தவரை இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வரிசையில் நின்று ஏறும் மீட்டர் டாக்சி ஒன்று, தீதீ செயலியில் அழைக்கும் வண்டி மற்றொன்று. மீட்டர் டாக்சிக்கு முதல் 3 கிலோமீட்டருக்கு 12 யுவான், பிறகு கிலோமீட்டருக்கு 2.60 யுவான், தொலைவு கூடக்கூடவும் பின்னிரவிலும் மேல்கட்டணம் சேரும், நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிக் கட்டணத்தையும் பயணிதான் கொடுக்க வேண்டும். தியான்ஹெ பகுதிக்கு எல்லாம் சேர்த்து 120 முதல் 160 யுவான் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் சேர்ந்து சென்றால் ஆளுக்கு ஐம்பதைச் சுற்றித்தான் வருகிறது. பெட்டிகளையும் அசதியையும் எண்ணினால் அது மிகையான செலவல்ல. இறங்கும்போது அச்சிட்டுத் தரும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் எதையேனும் மறந்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவதற்கு அந்தச் சிறு தாளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

வருகைக் கூடத்திலேயே அருகில் வந்து, ஆங்கிலத்தில் அன்பாகப் பேசி, பெட்டியைத் தள்ள உதவி, நிலையான கட்டணம் என்று சொல்லி அழைப்பவர்களுடன் போகவே கூடாது. நானும் முதல் பயணத்தில் அப்படி ஒருவரோடு சென்றேன்; பேசிய தொகை வேறு, இறங்கும் இடத்தில் கேட்ட தொகை வேறு, பெட்டிகள் வண்டியின் பின்புறத்தில் பூட்டிக் கிடக்கும்போது வாதாடும் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்பதற்குச் சீன மொழியில் பு யாவ் என்று சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு நிற்காமல் நடந்து, டாக்சி வரிசைக்கான பலகையைப் பின்பற்றிச் சென்றுவிட வேண்டும்.

தீதீ வண்டி, மீட்டர் டாக்சியின் கட்டணத்தை ஒட்டியே வரும். பல வேளைகளில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அதன் பெரிய நன்மை கட்டணமல்ல, மொழி. சேரவேண்டிய இடத்தைச் செயலியிலேயே குறித்துவிடுவதால் ஓட்டுநருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர் அனுப்பும் சீனச் செய்தி மொழிபெயர்ந்து வரும். அலிபே, வீசாட் இரண்டுக்குள்ளும் தீதீ இருக்கிறது. குறை என்னவென்றால், வண்டி வாசலுக்கு வராது. அதற்கென ஒதுக்கிய நிறுத்துமிடத்துக்கு நாம் போக வேண்டும், அங்கே வரிசை எண்ணையும் வண்டி எண்ணையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் இது பழகிவிடும். பின்னிரவில், முதன்முறை வருபவருக்கு, எவரேனும் ஒழுங்குபடுத்தி ஏற்றிவிடும் மீட்டர் டாக்சி வரிசையே மேல் என்பது என் துணிபு. விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும். ஆங்கில எழுத்தில் உள்ள முகவரியைப் பெரும்பாலான ஓட்டுநர்களால் படிக்க முடியாது.

இனி, அதிகாலை நான்கு மணிக்கு இறங்கும் விமானத்தின் சிக்கலுக்கு வருவோம். குடிநுழைவு முடிந்து வெளியே வரும்போது ஐந்து, ஐந்தேகால் ஆகியிருக்கும். மெட்ரோ ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான் தொடங்கும். விடுதியில் அறை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே தருவார்கள். இந்நிலையில் 150 யுவான் கொடுத்து டாக்சியில் விரைந்து சென்று, விடுதியின் முகப்பறையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. தனியாக வருபவர் விமான நிலையத்திலேயே முகம் கழுவி, ஏதேனும் சூடாக அருந்தி, முதல் மெட்ரோ வண்டிகளில் ஒன்றில் ஏறிவிடலாம். ஏழு மணிக்குள் நகரத்துக்குள் நுழைந்துவிட்டால் காலை நெரிசலும் தொடங்கியிராது. அந்த நேரத்தில் தயங்கி, எட்டு மணிக்கு ஏறினீர்களானால் மூன்றாம் வழித்தடத்தின் மிகக் கடுமையான பொழுதில் அகப்பட்டுக்கொள்வீர்கள். குடும்பத்தோடு வருபவர் மட்டும், முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிட்டு நேரே டாக்சியில் போவதுதான் சரி. ஒரு நாள் வாடகை மிகையாகத் தோன்றினாலும், குழந்தைகள் உறங்கி எழுந்தால்தான் மறுநாள் பயணம் பயணமாக இருக்கும்.

இரவு பத்தரைக்கு மேல் வெளியே வருபவர்களுக்கு விவாதமே தேவையில்லை, டாக்சிதான். கடைசி மெட்ரோவைப் பிடித்துவிட்டாலும், மாற வேண்டிய தடத்தில் கடைசி வண்டி போயிருக்கக்கூடும். பாதி வழியில் நள்ளிரவில் நிற்பதைவிட முழுவழிக்கும் கட்டணம் கொடுப்பது நல்லது.

சென்னையிலிருந்து செல்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு வழியும் இருக்கிறது: குவாங்சோவில் இறங்காமல், நேரடி விமானத்தில் ஹாங்காங் சென்று, மேற்குக் கவுலூன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் குவாங்சோ தெற்கு நிலையத்துக்கு வருவது. 2018 செப்டம்பர் 23 அன்று திறந்த அந்த ரயில்பாதையில் பயண நேரம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். ஹாங்காங், சீனா இரண்டின் குடிநுழைவுச் சோதனைகளும் அதே நிலையக் கட்டடத்திலேயே முடிந்துவிடும். கேட்பதற்கு அழகாக இருந்தாலும் இதில் கவனிக்க வேண்டியவை பல. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்குள் நுழைய முன்பதிவு அனுமதியை இணையத்தில் பெற்றிருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து மேற்குக் கவுலூன் வரை தனிப் பயணம். அங்கே ரயிலுக்கு முன்கூட்டியே சென்று வரிசையில் நிற்க வேண்டும். ரயில் கட்டணமே 200 யுவானுக்கு மேல். எல்லாம் கூட்டினால் ஹாங்காங்கில் இறங்கியதிலிருந்து குவாங்சோ விடுதி சேர நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். ஹாங்காங்கிலும் வேலையிருப்பவர்கள், அல்லது ஷென்சென்னில் நின்று செல்ல நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். குவாங்சோ மட்டுமே நோக்கமானால், ஓர் இடத்தில் விமானம் மாறினாலும் பாய்யுன் நிலையத்திலேயே இறங்குவதுதான் நல்லது.

எந்த வழியை எடுத்தாலும் அதற்குக் கட்டணம் செலுத்த முடிய வேண்டும் அல்லவா? நம்மவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். அலிபே, வீசாட் ஆகியவற்றில் இப்போது வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணமில்லை, அதற்கு மேல் 3 விழுக்காடு பிடிப்பார்கள். நகர டாக்சியும் மெட்ரோவும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அட்டையை இணைக்கும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.), உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் வாங்காமல் சென்ற பயணமொன்றில், அந்த எண் வராமல், வருகைக் கூடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் நான் நின்றிருக்கிறேன். வீட்டிலிருக்கும்போதே அட்டையை இணைத்து, அடையாளச் சரிபார்ப்பை முடித்து, வெளிநாட்டுச் செலவுக்கான அனுமதியையும் வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் 300 யுவானாவது ரொக்கமாக, சிறு தாள்களாக இருக்கட்டும்.

கைபேசி இணைப்பும் இதே போன்றதுதான். விமான நிலையத்தின் வைஃபையில் கூகுள் வரைபடமோ வாட்ஸ்அப்போ திறக்காது. ஊரிலிருந்து ரோமிங்கோடு சென்றால் இணைப்பு நம் நாட்டு வலையமைப்பின் வழியே செல்வதால் அவை வேலை செய்யும். அப்படியும் வழி தேடுவதற்குக் கூகுளை நம்பாதீர்கள். சீனாவுக்கான அதன் வரைபடத்தில் இடங்கள் விலகித் தெரியும், புதிய தடங்கள் விடுபட்டிருக்கும். ஆமேப் என்ற சீன வரைபடச் செயலி ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மெட்ரோ நிலையத்தின் எந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்பது வரை அது சொல்லிவிடும். பத்து வாயில்கள் கொண்ட நிலையங்களில் தவறான வாயிலில் ஏறிவிட்டால் அகன்ற சாலையொன்றின் மறுபக்கத்தில் பெட்டியோடு நிற்க நேரும்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகான நாட்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் நான்கைந்து இடங்களுக்கு அலைபவர் 24 மணி நேரத்துக்கான 20 யுவான் மெட்ரோச் சீட்டையோ, 72 மணி நேரத்துக்கான 50 யுவான் சீட்டையோ வாங்கலாம். இரண்டே இடங்களுக்குச் செல்பவருக்கு அது நட்டம். துணி, பொத்தான், ஜிப் தேடித் திருப்பூரிலிருந்து வருவோர் செல்லும் சோங்தா துணிச்சந்தை எட்டாம் வழித்தடத்தின் அருகில் இருக்கிறது. இந்திய, அரேபிய உணவகங்கள் கிடைக்கும் சியாவ்பெய் பகுதி ஐந்தாம் வழித்தடத்தில் உள்ளது. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் அந்தத் தடத்தின் அருகில் தங்கினால் இரவு உணவுக்கு அலைய வேண்டியிராது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை திடீரென்று கொட்டும் மழையில் டாக்சியும் தீதீயும் அரிதாகிவிடும். அந்த மாதங்களில் விடுதியிலிருந்து மெட்ரோ நிலையம் நடக்கும் தொலைவில் இருப்பது பெரிய வரம்.

ஊர் திரும்பும் நாளில் கணக்கு மாறும். வந்தபோது ஒரு பெட்டியாக இருந்தது இப்போது மூன்றாகியிருக்கும். மாதிரித் துணிகளும் பட்டியல் புத்தகங்களும் எடை கூட்டியிருக்கும். மெட்ரோவில் வந்தவரும் திரும்பும்போது டாக்சியை எடுப்பதில் தவறில்லை. கைச்சுமை குறைவாகவே இருந்தால், காலை நெரிசல் தியான்ஹெயை நோக்கித்தான் பெருகும் என்பதால், விமான நிலையம் நோக்கிய எதிர்த்திசை வண்டிகளில் அந்த அளவு இடர்ப்பாடு இராது. ஆனால் மூன்றாம் வழித்தடத்தின் எல்லா வண்டிகளும் விமான நிலையம் வரை செல்வதில்லை. சில நடுவழியிலேயே திரும்பிவிடும். நடைமேடைப் பலகையில் விமான நிலையம் வடக்கு என்று இறுதி நிலையத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்து ஏறி, உங்கள் முனையம் முதலாவதானால் தெற்கிலும் இரண்டாவதானால் வடக்கிலும் இறங்குங்கள். மூன்றாம் முனையத்திலிருந்து புறப்படுவோர், முனையங்களுக்கிடையேயான பேருந்துக்கென்று அரைமணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.